பின்கட்டு மீட்டர்

கரண்ட் பில்லுக்குப் பயந்து வீட்டின் நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்தவர்கள் இந்தப் பெரம்பலூர் மாவட்டத்தில் எங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் ஒருநாள் வந்து என்னைப் பார்க்கட்டும். பேசிக்கொண்டிருக்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

சிறுவாச்சூரில் எங்கள் வீடு கோயில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா கட்டியது. தெருவைப் பார்த்து முன்வீடு, அதன் முதுகோடு ஒட்டிக்கொண்டு பின்கட்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. பின்கட்டில் முன்பு ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருந்தது. அவர்களுக்காக அப்பா தனியாக ஒரு மீட்டர் வாங்கி மாட்டினார். வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டார். மீட்டர் அங்கேயே இருந்தது.

என்னை அரியலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அவர் சிமெண்ட் லாரி ஓட்டினார். நெஞ்சுவலி வந்து அவர் போனபோது எனக்குப் பிள்ளையும் இல்லை, மாமியார் வீட்டில் மரியாதையும் இல்லை. அப்போது என் தம்பி அருள்முருகன்தான் டெம்போ பிடித்துக்கொண்டு வந்தான். "இங்க கெடந்து ஏன்க்கா அல்லாடுற? நம்ம வூட்டுக்கு வா" என்று சொல்லி என் சாமான்களைத் தானே ஏற்றினான். வழியெல்லாம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் நிறுத்தி எனக்கு மட்டும் ஒரு வடை அதிகமாக வாங்கிக் கொடுத்தான். அதனால் அவனைப் பற்றி யாரும் என்னிடம் குறை சொல்லக் கூடாது. நான் சொல்வேன், அது வேறு.

படுப்பதற்கு எனக்குப் பின்கட்டைக் கொடுத்தார்கள். அந்த மீட்டரையும் பிறகு என் பேருக்கு மாற்றினான். மற்றபடி என் பிழைப்பு எல்லாம் முன்வீட்டில்தான். பகலில் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் தம்பி பெண்டாட்டி அம்பிகாவோடு அடுப்படியில் நிற்பேன். நிற்பேன் என்றால் சும்மா நிற்கவா? அவள் குழம்பில் புளி அதிகம் என்பேன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாவம் அண்ணி, வாயத் தொறக்காம திங்குதுங்க, அதான் ஒங்களுக்குத் தைரியம்" என்பாள். சண்டை போட்டுக்கொண்டே சமைத்து, டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தச் சீரியல்காரியை ஆளுக்கு நாலு வார்த்தை திட்டிவிட்டு, நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்து படுப்பேன். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. போட்டதே இல்லை.

தம்பி மகள் கவியாவைப் பாடாலூரில் கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்து வந்தபோதுதான் இந்தக் கரண்ட் கவலை ஆரம்பித்தது. கேஸ் சிலிண்டர் விற்கிற விலைக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாது என்று அம்பிகா கரண்ட் அடுப்பு வாங்கினாள். மழையும் பனியும் வரப் போகிறது, பிள்ளைத்தாய்ச்சிக்கு வெந்நீர் வேண்டும் என்று தம்பி குளியலறையில் ஹீட்டர் மாட்டினான். அடுத்து வந்த பில்லைப் பார்த்துவிட்டு அன்று இரவு அவன் சாப்பிடவே இல்லை. அவனுக்கு இருப்பது கோயில் பக்கத்தில் ஒரு தேங்காய் பழக்கடை. திங்களும் வெள்ளியும்தான் கோயில் திறக்கும், வியாபாரமும் அன்றைக்குத்தான். மற்ற நாளில் கடைக்குள் ஈதான் வரும்.

ஒயரிங் வேலை செய்கிற முருகையன் வந்தபோது தம்பி அவனிடம் புலம்பினான். அவன் இன்னொரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணே, ஒங்களுக்கு ரெண்டு மீட்டரு இருக்கறதாலதான் இந்த அளவுக்காவது வருது. ஒவ்வொரு மீட்டருக்கும் நூறு யூனிட்டு சும்மா குடுக்குறாங்க. ரெண்டும் ஒண்ணாச்சுன்னா அதுல ஒரு நூறு போச்சு. அதுமட்டுமில்லாம மொத்தம் ஐந்நூறத் தாண்டிடும். தாண்டிட்டா ரேட்டே வேற. இப்ப வூடு வூடா பாத்து, ஒரே குடும்பம் ரெண்டு மீட்டரு வச்சிருந்தா ஒண்ணாக்குறாங்களாம்."

"அதெப்படி ஒரே குடும்பம்னு கண்டுபுடிப்பாங்க?" என்று கேட்டான் தம்பி.

"தனி வாசல் இருக்கா, தனி அடுப்பு எரியுதான்னு பாப்பாங்க. உள்ளாரயே கதவு போட்டு இங்கேருந்து அங்க போனீங்கன்னா, ஒரே வூடுதான்னு முடிவு பண்ணிப்புடுவாங்க."

தம்பி நடுக்கதவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பின்கட்டுக்குச் சந்துப் பக்கம் ஏற்கனவே ஒரு வாசல் உண்டு. அடைக்க வேண்டியது ஒன்றுதான் பாக்கி.

"கொஞ்ச நாளைக்குத்தான்க்கா" என்றான். "அவுங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்கன்னா மறுநாளே இடிச்சிடலாம்."

"இதுக்குப் போயி எங்கிட்ட என்னடா கேக்குற? அடச்சிடு" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். கவியா வயிற்றில் இருக்கிறதுக்கு வெந்நீர் முக்கியம். எனக்குச் சந்து வழியாகச் சுற்றிப் போகக் கால் இல்லையா என்ன? கலவைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். இடிக்கப் போகிற சுவர்தானே என்று பூசக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் ஓரமாகக் கிடந்த ஒற்றை அடுப்பை டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்தேன். நாடகத்துக்குச் சாமான் சேர்க்கிற மாதிரி எங்களுக்கெல்லாம் சிரிப்பாக இருந்தது.

எங்கள் பக்கம் அண்ணன் தம்பி பாகம் பிரிந்துவிட்டார்கள் என்றால் யாரும் பத்திரத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். 'அவுங்களுக்கு உலை தனி' என்பார்கள். அவ்வளவுதான், எல்லாம் புரிந்துவிடும். ஐம்பதை நெருங்குகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஏனோ தோன்றவில்லை.

முதல் நாள் நான் பொங்கிய சோறு நாலு பேருக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்கு அளந்து போடுகிற கை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. மறுநாள் குறைத்துப் போட்டேன், அதுவும் மிஞ்சியது. பிடி அரிசி போட்டால் பானையின் அடியில் கிடந்து கொதிக்கக்கூட மாட்டேன் என்றது. மிஞ்சியதைச் சந்தில் திரிகிற நாய்க்குப் போட்டேன். இப்போது அது என் வாசலிலேயே படுத்திருக்கிறது. எனக்கு நாய் பிடிக்காது.

ஆரம்பத்தில் அம்பிகா குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு சந்தைச் சுற்றி வந்து கொடுத்தாள். நானும் சாயங்காலத்தில் சுற்றிப் போய் முன்வீட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். முருகையன்தான் பயமுறுத்தினான். "அக்கா எந்நேரமும் இங்க உக்காந்துருந்தா பக்கத்து வூட்டுக்காரனே போட்டுக் குடுத்துடுவான்" என்றான். பக்கத்து வீட்டுக்காரனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். ஆனாலும் தம்பிக்கு அது மனதில் விழுந்துவிட்டது. நானும் குறைத்துக்கொண்டேன்.

கார்த்திகை முடிகிற சமயத்தில் கவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் காது அப்படியே இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அம்பிகாவுக்குத் தலைக்கு மேல் வேலை. குழம்புக் கிண்ணம் நின்றுபோனது. அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஒருநாள் சந்தில் எதிர்ப்பட்டபோது, "மன்னிச்சுக்குங்க அண்ணி, ஒண்ணும் குடுத்துவிட முடியல. நல்லவேளை ஒங்களுக்கு அடுப்பு இருக்கு" என்றாள். அடுப்பு இருக்கிறதுதான்.

மார்கழி பிறந்ததும் பனி நன்றாக இறங்கிவிட்டது. குழந்தைக்குக் காலையில் வெந்நீர், குளிப்பாட்டின பிறகு கதகதப்புக்குப் பெரிய குண்டு பல்பு, ஈரத்துணி காயவைக்க அதற்கொரு ஏற்பாடு என்று முன்வீட்டு மீட்டர் பறந்தது. ஆனால் என் மீட்டரில் நூறுகூட ஓடாது. அப்போது தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. என் அறையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, சுவர் மேலிருந்த காற்றுத் துளை வழியாக முன்வீட்டுக்குக் கொண்டுபோனான். குழந்தைக்கான ஹீட்டரும் பல்பும் அதில் ஓடின. "ஒன் கரண்டுலதான்க்கா ஒம் பேத்தி குளிக்கிறா" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. கரண்ட் போக வழி இருக்கிறது, நான் போகத்தான் வழி இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

அதற்குப் பிறகு என் யூனிட்டை நான் கஞ்சத்தனமாகக் காப்பாற்றினேன். அரியலூரிலிருந்து வந்த என் சின்ன டிவியை நிறுத்திவிட்டேன். பச்சைத் தண்ணீரில் குளித்தேன். மார்கழித் தண்ணீர் முதுகில் விழும்போது உயிர் போய் உயிர் வரும். ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, அதையும் சாப்பிட்டதும் அணைத்தேன். டிவி இல்லாததால் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது. கடுகு வெடிக்கிறது கேட்கும். அம்பிகா யாரையோ ஏசுகிறது கேட்கும், என்ன வார்த்தை என்று பிடிபடாது. குழந்தை அழுவது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

என் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கரண்ட் அதிகம் போனால் வேகமாகச் சிமிட்டும், குறைந்தால் மெதுவாகச் சிமிட்டும். முதலில் செலவைப் பார்க்கத்தான் அதன் முன்னால் நின்றேன். பிறகு அதுவே வேலையாகிவிட்டது. காலையில் அது படபடவென்று சிமிட்டினால் குழந்தைக்குத் தண்ணீர் காய்கிறது. கொஞ்சம் அடங்கினால் குளிப்பாட்ட எடுத்துவிட்டார்கள். நிதானமாகச் சிமிட்டினால் பல்பு எரிகிறது, குழந்தை துணியில் சுற்றிக் கிடக்கிறது. நான் கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு மீட்டரைப் பார்த்தபடி, "குளிச்சிட்டியாடி தங்கம், சாம்பிராணி போட்டாங்களா?" என்று கேட்பேன். ஒருநாள் சந்தில் போன பால்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும்மா வந்துருக்கா?" என்றார். யாருமில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போனில் பேசினேன் என்று சொல்லிவிட்டேன்.

அரைப்பரீட்சை லீவு விட்டார்கள். பள்ளிக்கூடம் இருந்தபோதாவது பிள்ளைகளின் இரைச்சல் காதில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வீட்டில் வடை வாசனை வந்தது. யாரோ விருந்தாளி என்று புரிந்தது. கூப்பிடுவார்கள் என்று புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை மும்முரத்தில் மறந்திருப்பார்கள் என்று நானே சுற்றிக்கொண்டு போனேன். கவியாவின் மாமியார் வந்திருந்தார்கள். நான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அம்பிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வாங்க அண்ணி, வாங்க. உக்காருங்க" என்று பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள்.

அத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் என்னை யாரும் வாங்க என்று சொன்னதில்லை. உள்ளே இருப்பவளை யார் வாங்க என்று சொல்வார்கள்? வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் அந்த மரியாதை. நான் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். அது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தது. கவியா, "புது ஆளுன்னு பாக்குது அத்த" என்று வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எங்க இருக்கீங்க?" என்று அந்தச் சம்பந்தியம்மா கேட்டார்கள்.

"பின்னால தனியா இருக்காங்க" என்றாள் அம்பிகா. அதில் ஒரு கள்ளமும் இல்லை. வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள். நான் கிளம்பியபோது, "சாப்ட்டுட்டுத்தான் போவணும் அண்ணி" என்று உபசாரம் வேறு செய்தாள். பசி இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பசித்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு நாள் கழித்து அம்பிகாவே சந்து வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, பொங்கலுக்குப் பானை சொல்லப் போறாரு. ஒங்களுக்கும் சின்னதா ஒண்ணு சேத்துச் சொல்லட்டுமா?" என்றாள்.

நல்லதுக்குத்தான் கேட்டாள். நான் பானை இல்லாமல் நிற்கக் கூடாதே என்று கேட்டாள். ஆனால் எங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பானை. தைப் பொங்கலன்று தனியாகப் பானை வைத்துவிட்டால் ஊர் அறியத் தனிக் குடும்பம். அதற்குப் பிறகு ஒன்றாக்க முடியாது, மனசு ஒத்துக்கொள்ளாது. "பாக்கலாம்டி" என்று அவளை அனுப்பிவிட்டு உள்ளே வந்து அழுதேன். சத்தம் வராமல் அழுதேன், சுவர் அவ்வளவு கனமில்லை.

அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. தம்பியிடம் போய்ச் சுவரை இடி என்று சொல்லலாம். "இன்னும் அவுங்க வந்து பாக்கலியேக்கா" என்பான். அவன் சொல்வதும் நியாயம். அந்த மீட்டர் இரண்டாக இருக்கிற வரைக்கும் சுவர் இருக்கும். மீட்டர் ஒன்றாகிவிட்டால் சுவருக்கு என்ன வேலை? மறுநாள் காலையில் பஸ் ஏறிப் பெரம்பலூருக்குப் போனேன். பில் கூடுதலாக வந்தால் என் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடலாம் என்று வழியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

கரண்ட் ஆபீசில் ஜெயசுதா என்று ஒரு பொறியாளர் மேடம் இருந்தார். என் தம்பியைவிடச் சின்ன வயது. "சொல்லுங்கம்மா, பில்லு தப்பா வந்துருக்கா?" என்றார்.

"இல்லைங்க. எங்க வூட்ல ரெண்டு மீட்டரு இருக்கு. ஒண்ணாக்கிடுங்க."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் ஒண்ணாக்குனீங்கன்னு சண்டைக்கு வர்றவங்களத்தான் பாத்துருக்கேன். ஒண்ணாக்குங்கன்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். பில்லு எகிறிடும், தெரியுமா?"

"தெரியுங்க. கூட வர்றத நான் குடுத்துர்றேன்."

"அப்புறம் எதுக்கும்மா?"

பஸ்ஸில் வரும்போது பதில் நிறைய வைத்திருந்தேன். கடைசியில் வந்தது ஒன்றுதான். "ஒரே குடும்பந்தாங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "நேர்ல பாக்காம நான் எதுவும் பண்ண முடியாது. வந்து பாக்குறேன். ஒரே குடும்பம்னு தெரிஞ்சா ஒண்ணாக்கிடலாம்" என்றார்.

"நான் வந்து சொன்னேன்னு..."

"சொல்ல மாட்டேன், போயிட்டு வாங்க."

திரும்பி வரும்போது கடைத்தெருவில் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினேன். அன்று சோறு எப்படியோ சரியான அளவில் வந்தது.

லீவு முடிவதற்குள் ஒருநாள் காலையில் அவர் வந்தார். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்த மீட்டர் விளக்கு திடீரென்று நின்றுபோனது. அந்தப் பக்கம் யாரோ ஒயரைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. நான் அந்தக் காற்றுத் துளையைப் பார்த்தபோது ஒயர் பாம்பு மாதிரி நெளிந்து என் பக்கம் விழுந்தது. அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஏன் தள்ளினேன் என்று எனக்கே விளங்கவில்லை. கூப்பிட்டவளே நான்தான்.

சந்து வழியாக எல்லோரும் வந்தார்கள். முன்னால் தம்பி, அவனுக்குப் பின்னால் ஜெயசுதா மேடம், பிறகு அம்பிகா, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கவியா. அந்தச் சுவர் எழும்பிய பிறகு அவர்கள் எல்லோரும் ஒன்றாக என் அறைக்குள் வந்தது அன்றைக்குத்தான். எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

மேடம் அடுப்பைப் பார்த்தார். செங்கல் அடைத்த இடத்தைக் கையால் தொட்டுப் பார்த்தார். "இங்க ஒரு கதவு இருந்துருக்கே?"

"இருந்துச்சு மேடம், எடுத்துட்டோம்" என்றான் தம்பி.

"ஏன்?"

தம்பி தலையைச் சொறிந்தான். பிறகு சரளமாக வந்தது. "ஒத்து வரல மேடம். அக்காவுக்கும் எங்களுக்கும் ஆரம்பத்துலேருந்தே ஒத்து வரல. அது போக்கு வேற, எங்க போக்கு வேற. பேச்சுவார்த்தையே கெடயாது. ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல."

"சாப்பாடெல்லாம்?"

"அவங்க தனியாத்தான் பொங்கிக்கிறாங்க மேடம்" என்றாள் அம்பிகா. "நாங்க குடுத்தனுப்புறதுகூட இல்ல." கவியா தரையைப் பார்த்துக்கொண்டு குழந்தையின் முதுகைத் தட்டினாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் என்னைத் தெரிந்த மாதிரி ஒரு அடையாளமும் இல்லை. அந்த வகையில் சொன்ன சொல் காப்பாற்றினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஒரே குடும்பமா, தனித்தனியா? நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

அவர் முதுகுக்குப் பின்னால் தம்பி லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிற மாதிரி கண்ணால் கெஞ்சினான். நான் அதற்காகப் பயப்படவில்லை. ஒரே குடும்பந்தாங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் என் அறையை அவர்களோடு சேர்ந்து நானும் பார்த்தேன். ஒரு தட்டு. ஒரு டம்ளர். ஒரு தலையணை. அடுப்பில் கையளவு பானை. தம்பி பொய்தான் சொன்னான். ஆனால் அவன் சொன்ன ஒவ்வொரு பொய்யும் உண்மையாக இருந்தது. கதவு இல்லை, பேச்சு இல்லை, சாப்பாடு ஒன்றாக இல்லை. நான் சொல்லப் போகிற உண்மைக்குத்தான் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மேடம் ஒன்றாக்கிவிட்டுப் போவார், தம்பி சுவரை இடிப்பான். கரண்ட் ஆபீஸ் சொல்லித் திறந்த கதவு வழியாக நான் உள்ளே போய் எங்கே உட்காருவேன்? ஒவ்வொரு பில் வரும்போதும் அவன் சாப்பிடாமல் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவேனா?

"தனியாத்தாங்க இருக்கேன்" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சுட்டேங்க. நான் மட்டுந்தான்."

மேடம் இன்னொரு தடவை அந்தச் செங்கலைப் பார்த்தார். குழந்தை அழ ஆரம்பித்ததும், "சரிம்மா, ரெண்டும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் கும்பிட்டேன். குழந்தைக்குக் குளிர் காற்று ஆகாது என்று அம்பிகாவும் கவியாவும் சுற்றிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனார்கள். வாங்கி வைத்த தொப்பியைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

தம்பி மேடத்தை வழியனுப்பிவிட்டுத் திரும்பி வந்தான். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். அந்தக் குளிரிலும் அவனுக்கு வேர்த்திருந்தது.

"தப்பிச்சோம்க்கா" என்றான்.

"அதான் பாத்துட்டுப் போயிட்டாங்களே" என்றேன். "சுவத்த என்ன பண்ணப் போற?"

"அவசரப்படாதக்கா. இவுங்க மறுபடியும் வந்து நின்னா என்ன பண்றது? பேசாம நாளைக்கே ஆள வுட்டுப் பூசிடலாம். அப்பத்தான் பழைய சுவர் மாதிரி தெரியும்." அவன் எழுந்து ஒயரைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு. "ஆனா நீ பேசுன பாரு, நான் மட்டுந்தான்னு! மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டு! நானே நம்பிட்டேன்க்கா."

நானும் சிரித்தேன். அவன் ஒயரை மாட்டிவிட்டு, சந்தைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனான்.